எந்த டீக்கு எந்த பிஸ்கட்? சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டுப் பனிக்கும் ஓர் ஒப்பீடு

மேரி வாங்குவதா, குட் டே வாங்குவதா, பேக்கரியில் கால் கிலோ வெண்ணெய் பிஸ்கட் கட்டச் சொல்வதா? மாதச் சாமான் பட்டியல் எழுதும்போது இந்த ஒரு வரியில் பேனா நின்றுவிடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். பிஸ்கட்டை முதலில் வைத்து யோசிப்பதால் வரும் தடுமாற்றம் இது. வீட்டில் போடும் டீ எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டால் பாதிப் பட்டியல் தானாகவே கழிந்துவிடும். வெறும் வாயில் அருமையாக இருக்கும் வெண்ணெய் பிஸ்கட், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீயோடு மூன்றாவதிலேயே திகட்டும். தனியாகக் கடித்தால் சப்பென்றிருக்கும் மேரி, அதே டீயில் முக்கியெடுத்ததும் ருசி கூடி நிற்கும்.

டீக்கு அடுத்தது ஊர். சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். அங்கிருந்து முப்பது கிலோமீட்டரில், 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. அங்கே ஆடிச் சாரல் தொடங்கி மார்கழி வரை காற்றில் ஈரம்தான். கீழே கிரீம் இளகும், மேலே உப்பு பிஸ்கட் ஒரே இரவில் நமத்துப் போகும். அதனால் இங்கே ஒவ்வொரு வகைக்கும் இரண்டு மதிப்பெண் கொடுத்திருக்கிறோம்.

## எதை வைத்து அளக்கிறோம்

முக்கினால் நிற்குமா. பிஸ்கட்டுக்குள் மாவுத் துகள்களைச் சர்க்கரையும் கொழுப்பும் ஒட்டிப் பிடித்திருக்கின்றன. நடுநடுவே மயிரிழைச் சந்துகள் உண்டு. சூடான டீ அந்தச் சந்துகளில் ஏறும்போது சர்க்கரை கரைகிறது, மாவு ஊறி உப்புகிறது. பிடிப்பு விட்டதும் நனைந்த பாதி தன் எடையையே தாங்காமல் கிளாஸுக்குள் விழுகிறது. இயற்பியலாளர் லென் ஃபிஷர் இதைக் கணக்குப் போட்டு 1999இல் இக் நோபல் பரிசு வாங்கினார். அவர் சொன்ன உபாயம் எளியது: பிஸ்கட்டைச் செங்குத்தாக விடாமல் படுக்கை வாட்டில், அடிப்பக்கம் மட்டும் நனையும்படி முக்க வேண்டும். காய்ந்த மேல்பக்கம் பலகை போல் தாங்கிக்கொள்ளும். நம் டீக்கடைக் கண்ணாடி கிளாஸின் வாய்க்கு அது நடக்காது. டவராவிலோ அகலமான கப்பிலோ டீ இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

இனிப்புக் கணக்கு. டீயின் சர்க்கரையையும் பிஸ்கட்டின் சர்க்கரையையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த வழிகாட்டலின்படி, வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. 25 கிராம் என்பது ஆறு டீஸ்பூன். ருசிக்கும் இந்தக் கூட்டல் தேவை: இரண்டும் இனிப்பாக இருந்தால் டீயின் துவர்ப்பு செத்துப் போகும்.

அண்ணத்தில் என்ன மிஞ்சுகிறது. விழுங்கிய பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல் ஒட்டினால் அந்தக் கொழுப்பு வாய்ச் சூட்டில் சரியாக உருகவில்லை என்று பொருள். ஒரு மிடறு சூடான டீ அதைக் கழுவிக்கொண்டு போக வேண்டும்.

ஈரத்தையும் சூட்டையும் தாங்குமா. பாக்கெட் பிரித்து மூன்றாம் நாள் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

காசு. பாக்கெட் விலையை விட்டுவிட்டு 100 கிராம் விலையைப் பார்க்க வேண்டும். கிராமுக்கு எவ்வளவு என்பதைப் பெரும்பாலான பாக்கெட்டுகளில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள், எம்.ஆர்.பி. பக்கத்திலேயே இருக்கும். 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டில் பெரும்பாலும் விலை அசையாது, எடைதான் கூடும் குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியதால், பழைய நினைப்பில் விலையை ஒப்பிடாமல் இப்போதைய பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள்.

புதிதாக ஒரு வகையை வாங்கினால் மூன்று பிஸ்கட்டில் சோதனை முடிந்துவிடும். ஒன்றை வெறுமனே கடியுங்கள். இரண்டாவதற்கு, டீயைக் கிளாஸில் ஊற்றி ஒரு நிமிடம் பொறுத்து, பாதியளவு முக்கி நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணித் தூக்குங்கள். வெளியே எடுத்த பிறகும் மூன்று எண்ணும் வரை நிற்க வேண்டும். வாய்க்குக் கொண்டுபோக அவ்வளவு நேரம் ஆகும். மூன்றாவதை ஒரு தட்டில் திறந்தபடி இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் கடித்துப் பாருங்கள். ஒரு வகைக்கும் அடுத்ததற்கும் நடுவே வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிக்காவிட்டால் இரண்டாவது எப்போதும் தோற்கும்.

## குளுக்கோஸ் பிஸ்கட்

பார்லே-ஜி, டைகர் இந்த வகை. மும்பை வில்லே பார்லேயில் 1939இல் பார்லே குளுக்கோ என்ற பெயரில் தொடங்கிய பிஸ்கட்டுக்கு 1980களில்தான் பார்லே-ஜி என்ற பெயர் வந்தது. மைதா, சர்க்கரை, பாமாயில், சர்க்கரைப் பாகு, கொஞ்சம் பால் பொருள். எடையில் ஏறத்தாழ கால் பங்கு சர்க்கரை.

சர்க்கரை அதிகம் என்பதால்தான் இது டீயில் வேகமாகக் கரைகிறது. இரண்டு எண்ணினால் போதும். மூன்றில் ஆபத்து, நாலில் கிளாஸுக்கு அடியில் கஞ்சி. கொதிக்கக் கொதிக்க ஊற்றிய டீயாக இருந்தால் ஒன்றிலேயே எடுத்துவிடுங்கள். ஆனால் அந்த இரண்டு எண்ணிக்கையில் கிடைக்கும் ருசிக்கு ஈடு குறைவு: வெளியே பஞ்சாகி, நடுவில் மட்டும் ஒரு மெல்லிய மொறுமொறுப்பு மிஞ்சும். ஓரம் நன்றாகச் சிவந்த பிஸ்கட்டில் கோதுமை வறுத்த மணமும் டீயில் இறங்கும்.

இதற்கு ஏற்றது தூள் தூக்கலாகப் போட்டுச் சர்க்கரை குறைத்த டீ. டீக்கடையில் 'ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா' என்று சொல்லி வாங்கினால் கணக்குச் சரியாகிவிடும். வழக்கமான இனிப்பு டீயோடு தின்றால் இரண்டும் ஒன்றையொன்று மழுங்கடிக்கும்.

மறைந்த செலவு எண்ணிக்கையில் இருக்கிறது. பிஸ்கட் சின்னது, கை நிற்காது. 20 கிராம் தின்றால் அதில் மட்டும் சுமார் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை. பேச்சுவாக்கில் ஒரு சின்னப் பாக்கெட் முடிந்துவிட்டால் அது இரண்டு மடங்கையும் தாண்டும்.

பையில் போட்டுக்கொண்டு போவதற்கும், தறிப்பட்டறைக்குத் தூக்கில் டீ வாங்கிப்போய் நாலு பேர் பிரித்துக் குடிப்பதற்கும் இதுதான் சரி. சின்னப் பாக்கெட்டைப் பிரித்த இடத்திலேயே தீர்த்துவிடுவதால் நமத்துப் போவதற்கு நேரமே கிடைக்காது. ஏற்காட்டில் குடும்பப் பாக்கெட் வாங்குவதைவிட, கிராம் விலை கொஞ்சம் கூடினாலும், சின்னப் பாக்கெட் பத்து வாங்குவது லாபம்.

## மேரி

1874இல் ரஷ்ய இளவரசி மரியாவுக்கும் விக்டோரியா மகாராணியின் மகனுக்கும் நடந்த கல்யாணத்தையொட்டி லண்டன் பீக் ஃப்ரீன் கம்பெனி போட்ட பிஸ்கட். பெயர் அங்கிருந்து வந்தது. இன்று பிரிட்டானியாவின் மேரி கோல்டு, சன்ஃபீஸ்ட் மேரி லைட் என்று எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிறது.

டீக்காகவே செய்தது போல இது நிற்பதற்குக் காரணம் மாவு பிசையும் விதம். சர்க்கரையும் கொழுப்பும் குறைவாகப் போட்டு, மாவை நன்றாக இழுத்துப் பிசைந்து, சப்பாத்தி போல் தகடாக்கி வெட்டுகிறார்கள். பிசையப் பிசையக் கோதுமையின் பசைத்தன்மை வலை போல் இறுகுகிறது. வெந்த பிறகு அந்த வலைதான் டீயில் நனைந்தும் பிஸ்கட்டைத் தாங்கிப் பிடிக்கிறது. மேலே இருக்கும் பொட்டுப் பொட்டு ஓட்டைகளும் அழகுக்கு வைத்தவையல்ல, வேகும்போது ஆவி வெளியேற வழி. அவை இல்லாவிட்டால் மேல்தோல் அப்பளம் போல் கொப்பளிக்கும். நாலு முதல் ஐந்து எண்ணும் வரை தைரியமாக முக்கலாம்.

வாங்கும்போது ஓரம் பொன்னிறமாகவும் நடு வெளிறியும் இருப்பதைத் தேடுங்கள். மொத்தமும் வெளுத்திருந்தால் மாவு வாடை அடிக்கும்.

மேரியைப் பற்றிய ஒரு நம்பிக்கையை இங்கே திருத்தியாக வேண்டும். 'லைட்டானது, சுகர்காரர்களுக்கு நல்லது' என்று டப்பா டப்பாவாக வாங்கி வைக்கிறார்கள். 100 கிராமுக்குப் பார்த்தால் மேரியும் குளுக்கோஸும் ஏறக்குறைய 450 கலோரிக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. மேரியிலும் முதல் பொருள் மைதா, இரண்டாவது சர்க்கரை. வித்தியாசம் ஒரு பிஸ்கட்டின் எடையில் இருக்கிறது: ஐந்தாறு கிராம்தான், சுமார் 25 கலோரி. இரண்டோடு நிறுத்தினால் லைட். 'மேரிதானே' என்று எட்டு தின்றால் 200 கலோரி. சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கோ அத்தைக்கோ கொடுப்பதென்றால் இரண்டை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு டப்பாவை உள்ளே வையுங்கள். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கும் பிஸ்கட்டிலும் மைதா மைதாதான். அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும்.

ஏற்காட்டில் மேரி நமத்துப் போகும். ஆனால் திரும்ப மொறுமொறுப்பாக்குவதற்கு இதைவிடச் சுலபமான பிஸ்கட் இல்லை. முறையைக் கடைசியில் சொல்கிறோம்.

## பால் பிஸ்கட்

மில்க் பிக்கிஸ் தமிழ்நாட்டில் தலைமுறை தாண்டி நிற்கும் பிஸ்கட். குழந்தைகளுக்குப் பாலோடு கொடுக்க முதல் இடம் இதற்குத்தான். பால் டீயில் முக்கினால் பிஸ்கட்டின் பால் மணம் டீயின் பாலுக்குள் காணாமல் போகிறது, நல்ல சரக்கு வீணாகிறது. கட்டன் டீயோடு, அதாவது பால் விடாத டீயோடு கடித்துப் பாருங்கள்; தன் குணம் அப்போதுதான் தெரியும். முக்குவதற்கு மூன்று எண்ணிக்கை.

## குட் டே போன்ற வெண்ணெய், முந்திரி வகை

கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல், 100 கிராமுக்குச் சுமார் 500 கலோரி. இந்த மாவை இழுத்துப் பிசைவதில்லை. கொழுப்பு மாவுத் துகள்களைப் போர்த்திவிடுவதால் பசை வலை உருவாகவே விடாது; வாயில் பொலபொலவென உதிரும் சுகம் அதனால்தான். அதே காரணத்தால் டீயில் விழும்போது துண்டாக விழாமல் மணல் போல் கரைந்து அடியில் படியும். கூடவே மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும். எனவே முக்காதீர்கள். ஒரு கடி, ஒரு மிடறு.

டீ கட்டாயம் சூடாக இருக்க வேண்டும். பாமாயில் உருகுவது சுமார் 35 டிகிரியில், நம் வாய்ச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஏற்காட்டு மார்கழிக் காலையில் பிஸ்கட்டும் குளிர்ந்து டீயும் ஆறியிருந்தால் அண்ணத்தில் மெழுகு பூசும். இஞ்சி தட்டிப் போட்ட டீ இந்தக் கொழுப்பை நன்றாக அறுக்கும். அதைவிடப் பொருத்தம் ஃபில்டர் காபி. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபிச் செடியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து அங்கே காபிக்குப் பஞ்சமில்லை. அந்தக் கசப்புக்கு எதிரே வெண்ணெய் இனிப்பு அழகாக நிற்கும்.

பெயரில் வெண்ணெய் என்றும் முந்திரி என்றும் இருந்தால் அது எத்தனை சதவீதம் என்ற எண்ணைப் பொருட்கள் பட்டியலில் அடைப்புக்குள் தேடுங்கள். பட்டியல் எடை வரிசையில்தான் எழுதப்படுகிறது. பாமாயில் மூன்றாவது இடத்திலும் வெண்ணெய் கடைசி வரியில் ஒற்றை இலக்கத்திலும் இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் வாசனைக்கு. இதுதான் இந்த வகையின் மறைந்த செலவு.

## பேக்கரி பிஸ்கட்

அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, செவ்வாய்ப்பேட்டை என்று சேலத்தில் எந்தப் பக்கம் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்ணெய் பிஸ்கட், தேங்காய் பிஸ்கட், உப்பு பிஸ்கட், நெய் பிஸ்கட் குவிந்திருக்கும். இந்த ஒப்பீட்டிலேயே மிக நல்லதும் மிக மோசமானதும் இங்கேதான் இருக்கின்றன. போட்ட அன்றே வாங்கினால் எந்தப் பாக்கெட்டும் பக்கத்தில் வர முடியாது. பத்து நாள் கிடந்ததை வாங்கினால் குப்பைக்குத்தான். பாக்கெட்டில் தேதி இருக்கிறது, இங்கே உங்கள் மூக்கும் விரலும்தான் தேதி.

'அண்ணா, இது எப்பங்க போட்டது?' என்று கேட்டுவிட்டு ஒன்றை வாங்கி உடையுங்கள். சுத்தமாக 'டக்' என்று உடைய வேண்டும். வளைந்து உடைந்தால் ஈரம் ஏறிவிட்டது. உடைத்த இடத்தை உடனே முகருங்கள். மூக்கில் சுருக்கென்று அமோனியா வாடை ஏறினால், உப்புவதற்குப் போடும் அமோனியம் பைகார்பனேட் வேகும்போது முழுதாக வெளியேறவில்லை. மெல்லிய பிஸ்கட்டில் அது போய்விடும். தடிமனாகவும் நடு வேகாமலும் இருப்பதில் தங்கும். மேலே அங்கங்கே கரும்பழுப்புப் பொட்டும் வாயில் சோப்பு ருசியும் இருந்தால் சமையல் சோடா சரியாகக் கலக்காமல் கட்டி நின்றிருக்கிறது. எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் கேள்வியே இல்லை, வேண்டாம்.

பிறகு ஒரு துணுக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்கள். வெண்ணெயோ நெய்யோ போட்டதென்றால் விரல் சூட்டிலேயே இளகி மணம் வரும். வனஸ்பதி என்றால் வழுவழுவென்று வெள்ளையாகப் படலம் கட்டும், மணம் இருக்காது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் அதில் செய்த பண்டங்களிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். பாக்கெட்டில் அந்த எண்ணைப் படித்துக்கொள்ளலாம், எடை போட்டு வாங்குவதில் படிக்க எதுவும் இல்லை. எந்தக் கொழுப்பு போடுகிறீர்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. முட்டை சேர்க்காத வீட்டினர் அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

தேங்காய் பிஸ்கட் முதல் மூன்று நாளுக்கு ராஜா. ஈரம் பட்டுப் பழசானால் தேங்காய்க் கொழுப்பு பிரிந்து சோப்பு ருசி வந்துவிடும், ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் இன்னும் சீக்கிரம். உப்பு பிஸ்கட்டும் ஓமம் போட்டதும் இனிப்பு டீக்கு எதிரே அற்புதமாக நிற்கும். ராகி, கம்பு பிஸ்கட்டில் மைதாவின் பசை குறைவு என்பதால் டீயில் ஒன்று எண்ணுவதற்குள் உதிரும். கடித்துத்தான் தின்ன வேண்டும்.

கால் கிலோவுக்கு மேல் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். கடையில் கட்டித் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பையிலேயே விட்டுவைத்தால் இரண்டே நாளில் குணம் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் டப்பாவுக்கு மாற்றுங்கள். இன்னொரு செலவும் உண்டு: அடியில் உடைந்து தூளாகப் போவது. நிறுக்கும்போது கையால் அள்ளாமல் இடுக்கியால் எடுத்து வைக்கச் சொல்லலாம். தூளை எறியாமல் சூடான பாலில் போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

## மொனாக்கோ, கிராக்ஜாக், 50-50

இனிப்பு டீ குடிப்பவர்கள் திகட்டாமல் தின்ன வேண்டுமென்றால் பதில் இங்கேதான் இருக்கிறது. உப்பு நாக்கில் பட்ட பிறகு குடிக்கும் மிடறில் டீயின் இனிப்பும் மணமும் தூக்கலாகத் தெரியும். மொனாக்கோ முழு உப்பு. மற்ற இரண்டும் இனிப்பும் உப்பும் கலந்தவை, சர்க்கரை குறைத்த டீக்கு அவை பொருந்தும். எலுமிச்சை டீக்கு மொனாக்கோவை மிஞ்சியது இல்லை.

முக்கக்கூடாது. வெந்ததும் மேலே எண்ணெய் தெளிக்கும் வகை இது. முக்கினால் எண்ணெயும் உப்பும் டீயில் மிதக்கும். அடுக்கடுக்காக, காற்று நிறைந்து இருப்பதால் ஈரத்தை வேகமாக இழுக்கும். ஏற்காட்டு மழை நாளில் பிரித்த பாக்கெட் மறுநாள் காலை வரை தாங்காது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சோடியம் எண்ணைப் பார்த்து எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த உப்பு மொறுமொறுப்புக்குச் சேலத்தில் போட்டியாளர், தட்டைகளுக்கு நடுவே சட்னி வைத்துத் தரும் தட்டுவடை செட். ஆனால் அதன் கார, புதினாச் சட்னி டீயின் ருசியை மூடிவிடும். தட்டுவடையை முடித்து வாய் கொப்பளித்துவிட்டு டீ குடிப்பதே முறை.

## ரஸ்க்

பிரெட்டை வெட்டி இரண்டாம் முறை வாட்டியது. பஞ்சு போன்ற பெரிய சந்துகள் இருப்பதால் டீயை அப்படியே உறிஞ்சும், ஆனால் பிரெட்டின் பசை வலை உறுதியாக இருப்பதால் எட்டு, பத்து எண்ணினாலும் விழாது. பல் இல்லாத பெரியவர்களுக்கும், காலையில் வெறும் வயிற்றில் டீ குடிப்பவர்களுக்கும் இதைவிட நல்லது இல்லை. ஏலக்காய் போட்ட ரஸ்க் என்றால் டீக்கு வேறு மசாலா வேண்டாம்.

மறைந்த செலவு டீதான். டீக்கடை கிளாஸில் இருப்பதே 100 மில்லி அளவு, மூன்று ரஸ்க் முக்கினால் குடிக்க மிஞ்சுவது இரண்டு மிடறு. டம்ளர் நிறைய டீ போட்டால்தான் ரஸ்க்.

## கிரீம், டைஜஸ்டிவ்

கிரீம் பிஸ்கட் டீக்கான பண்டம் கிடையாது. நடுவில் இருப்பது சர்க்கரையும் தாவரக் கொழுப்பும். டீச் சூட்டில் அது உருகி இரண்டு தகடும் வழுக்கிப் பிரியும். சித்திரையில் வண்டிப் பெட்டிக்குள் அரை மணி நேரம் இருந்தாலே அந்தக் கதிதான். குழந்தைகளுக்கு வேண்டுமானால் தனித் தின்பண்டமாகக் கொடுங்கள்.

டைஜஸ்டிவ் பிஸ்கட்டின் முரட்டுக் கோதுமை ருசி கட்டன் டீக்கு நன்றாகப் பொருந்தும், முக்கினால் இரண்டு எண்ணிக்கை. ஆரோக்கியம் என்று நினைத்து வாங்குபவர்கள் இரண்டு இடத்தைப் பாருங்கள்: முதல் பொருள் முழுக் கோதுமை மாவா, மைதாவா, கொழுப்பு எவ்வளவு. கலோரியில் இது மேரியைத் தாண்டி வெண்ணெய் வகைக்குப் பக்கத்தில் நிற்கும்.

## ஒரே பார்வையில்

| வகை | முக்கும் எண்ணிக்கை | பொருந்தும் டீ | சேலம் (10க்கு) | ஏற்காடு (10க்கு) | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| குளுக்கோஸ் | 2 | ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி | 7 | 7 | எண்ணாமல் தின்னும் சர்க்கரை |
| மேரி | 4–5 | வழக்கமான பால் டீ | 9 | 8 | 'லைட்' என்ற நம்பிக்கை |
| பால் பிஸ்கட் | 3 | கட்டன் டீ | 6 | 6 | பால் டீயில் மணம் வீண் |
| வெண்ணெய், முந்திரி | முக்க வேண்டாம் | இஞ்சி டீ, ஃபில்டர் காபி | 6 | 7 | வெண்ணெய் விலையில் பாமாயில் |
| பேக்கரி (புதியது) | 1–2 | வகையைப் பொறுத்து | 9 | 6 | ஆயுள் குறைவு, தூள் |
| உப்பு வகை | முக்க வேண்டாம் | இனிப்பு டீ, எலுமிச்சை டீ | 8 | 5 | சோடியம், நமத்தல் |
| ரஸ்க் | 8–10 | டம்ளர் நிறைய பால் டீ | 8 | 8 | குடிக்க டீ மிஞ்சாது |
| டைஜஸ்டிவ் | 2 | கட்டன் டீ | 6 | 6 | கொழுப்பு |
| கிரீம் | முக்க வேண்டாம் | எதற்கும் இல்லை | 2 | 4 | உருகல், சர்க்கரை |

இருவர் மட்டுமே உள்ள வீடு என்றால் ஒரு மேரி, ஒரு சின்ன உப்புப் பாக்கெட் போதும். விருந்தாளி வரும் நாளில் பேக்கரிக்குப் போய் உப்பு பிஸ்கட்டும் வெண்ணெய் பிஸ்கட்டும் நூறு நூறு கிராம் வாங்குங்கள். டீயின் சர்க்கரை யாருக்கு எப்படி இருந்தாலும் இரண்டில் ஒன்று சேரும்.

## மலைக்கு எடுத்துப் போவதும் காப்பதும்

ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. ரஸ்க் போலக் காற்றோடு அடைத்த பாக்கெட், ஏற்காட்டு ஒண்டிக்கடை நிறுத்தம் போய்ச் சேரும்போது உப்பியிருக்க வேண்டும். கீழே இருந்தபடியே தளர்ந்து கிடந்தால் எங்கோ ஒட்டு விட்டிருக்கிறது. அதை முதலில் பிரித்துத் தின்று தீர்த்துவிடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதும் சுமார் 95 டிகிரியில்தான், குளிரில் கிளாஸும் வேகமாக ஆறும். மொறுமொறுப்பான பிஸ்கட்டை அங்கே ஒரு எண்ணிக்கை கூட முக்கலாம். ஏற்கெனவே ஈரம் ஏறியதை ஒன்று குறைத்து எடுங்கள்.

பிஸ்கட்டில் உள்ள கொழுப்பு வாசனையை இழுத்துக்கொள்ளும். மலையிலிருந்து இறங்கும்போது மிளகு, காபித்தூள், தைல பாட்டில் இவற்றோடு ஒரே பையில் பிஸ்கட்டைப் போட்டால் மறுநாள் டீயில் யூகலிப்டஸ் மணக்கும். வீட்டு அலமாரியிலும் தனித்தட்டு வேண்டும்.

டப்பா எவர்சில்வராக, மூடி இறுக்கமாக இருக்கட்டும். இரண்டு ஸ்பூன் அரிசியை வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறவைத்து, துணியில் முடிந்து அடியில் போட்டால் கொஞ்சம் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். வாரம் ஒரு முறை அதே அரிசியை மறுபடி வறுக்கலாம். சன்னலுக்கு வெளியே மூடுபனி நிற்கும்போது டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாதீர்கள், வேண்டியதைத் தட்டில் எடுத்துவிட்டு உடனே மூடுங்கள். உப்பு, இனிப்பு இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் இரண்டும் கெடும்.

நமத்துப் போன மேரி, குளுக்கோஸ், ரஸ்க் மூன்றையும் மீட்கலாம். தோசைக்கல்லை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, சிறு தீயில் இரண்டு நிமிடம் சூடாக்கி அடுப்பை அணைத்துவிடுங்கள். பிஸ்கட்டை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, பக்கத்துக்கு மூன்று நிமிடம் வையுங்கள். எடுக்கும்போது இன்னும் மெத்தென்றுதான் இருக்கும். பயந்து மறுபடி அடுப்பை மூட்டினால் கருகும். தட்டில் பத்து நிமிடம் ஆறினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். சூடு ஆறாமல் டப்பாவில் போட்டால் அதன் ஆவியே திரும்ப நமக்க வைக்கும். வெண்ணெய் வகைக்கு ஒரு நிமிடம் குறைவு. கிரீமுக்கு இந்த வைத்தியம் கிடையாது. சிக்கு வாடை வந்ததை எந்தச் சூடும் மீட்காது. மீட்ட பிஸ்கட்டைப் புதிதோடு கலக்காமல், அன்றைய டீக்கே தீர்த்துவிடுங்கள்.